கூலியும் பெயரும்

உழைத்தவனுக்குக் கூலியைக் கொடுத்துவிட்டால் அவனோடு நமக்குள்ள கணக்குத் தீர்ந்துவிடுமா? கூலிக்கு அப்பால் அவனுக்குச் சேர வேண்டியது ஏதேனும் உண்டா? உண்டெனில், அதனை ஒருவர் விலை கொடுத்து வாங்கிவிட முடியுமா? இவை தொழிற்சங்கத்திலும் நீதிமன்றத்திலும் பேசுதற்கு மட்டும் உரிய கேள்விகள் என்று கருதுவோர் பலர். நாம் அவ்வாறு கருதவில்லை. கதை படித்து மகிழ்கின்ற ஒவ்வொருவரும் தம் நெஞ்சைத் தொட்டு விடை கூறக் கடமைப்பட்ட கேள்விகள் இவை என்பதே நம் கருத்து.

குளுவாங்கிலிருந்து மெர்சிங் செல்லும் சாலையிலே காஹாங் என்னும் சிற்றூர் இருக்கிறது. அவ்வூரைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வாழ்ந்தவர்க்கும் வாழ்கின்றவர்க்கும் இக்கேள்வி புதிதன்று. பட்டையைச் சீவும்பொழுது கத்தி சிறிது ஆழ்ந்துவிட்டாலும் மரம் காயப்படும். ஆழாவிட்டாலோ பால் வடியாது. இந்நுண்மை அறிந்த கைகள்தாம் எத்தனை! அக்கைகள் சீவிய மரத்தின் பால் மங்கில் வடிந்து, ஆலையில் உறைந்து, புகையில் உலர்ந்து, கப்பலேறி, அயல்நாட்டில் சக்கரமாய் உருண்டது. சக்கரத்தின்மேல் கம்பெனியின் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. மரம் சீவியவன் பெயரோ விடியுமுன் பெரட்டில் கூப்பிடப்பட்டதோடு சரி. ரப்பர் நின்ற நிறைகள் பலவற்றில் இன்று செம்பனை நிற்கிறது. குலை வெட்டுகிறவன் பெயரும் எண்ணெய்ப் புட்டியின்மேல் ஏறுவதில்லை.

"பலர் சீவிய மரத்துப் பால் ஒரே தொட்டியில் கலக்கிறது; இது இன்னார் வெட்டிய பால் என்று பிரித்தறிவது எங்ஙனம்?" என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆயினும், கலவாத பால் ஒன்று உண்டு. அஃது ஒருவன் தன் மூளையிலிருந்து வடிக்கும் கதை. அங்கே இன்னார் படைப்பு இது என்று பிரித்துச் சொல்ல முடியும். முடிந்தும் சொல்லாது விட்டால் அதனை இயலாமை என்று கூற இயலாது. மனமில்லாமை என்றே கூற வேண்டும். ஆகவே, கதை எழுதிக் கூலி பெற்ற ஒருவரின் வாழ்க்கையை உரைகல்லாகக் கொண்டு நம் கேள்வியை உரைத்துப் பார்ப்போம். அவர் தமிழர் அல்லர். எனினும், அவர் கற்பனையில் பிறந்த ஒருவனைத் தமிழ்ப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாகத் தம் தோழனாகக் கொண்டிருக்கின்றனர்.

இரும்புக்கை

1972ஆம் ஆண்டு ஜனவரியில் சிவகாசியிலிருந்து 'முத்து காமிக்ஸ்' என்னும் சித்திரக்கதை வெளியீடு தொடங்கியது. அதனைத் தொடங்கியவர் சௌந்திரபாண்டியன். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் பெயர்பெற்ற அவ்வூர் அச்சுத்தொழிலுக்கும் பெயர்பெற்றதன்றோ? அங்கிருந்து வந்த அவ்வெளியீட்டின் முதல் நூல் 'இரும்புக்கை மாயாவி'.

கதை இது: ஆய்வுக்கூடத்தில் உதவியாளனாயிருந்த லூயிஸ் கிராண்டேல் ஒரு விபத்தில் தன் வலக்கையை இழக்கிறான். இழந்த கைக்கு மாற்றாக எஃகுக் கை ஒன்று பொருத்தப்படுகிறது. பின்னர் நேர்ந்த மற்றொரு விபத்தில் கடும் மின்சாரம் அவன் உடலிற் பாய்கிறது. உடல் முழுவதும் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்து போகிறது. எஃகுக் கை மட்டும் மறையவில்லை. அதுமுதல், மின்சாரம் தீண்டும்போதெல்லாம் அவன் சிறிது நேரம் மறைந்திருப்பான். ஆள் தெரியமாட்டான்; கை மட்டும் காற்றிலே மிதந்து செல்லும்.

இந்தக் கையைக் கண்டு அஞ்சியும் வியந்தும் வளர்ந்த சிறுவர்கள் இன்று தலை நரைத்த தாத்தாக்கள். மாயாவியின் பெயரைச் சொன்னால் இன்றும் அவர்கள் முகம் மலரும். ஆனால், மாயாவியை அறிந்தவருள் அவனைப் படைத்தவரை அறிந்தவர் எத்துணைப் பேர்? விரல்விட்டு எண்ணிவிடலாம் என்று அஞ்சுகிறோம். இதற்குச் சிவகாசியைக் குறை கூறுவது முறையன்று. மூலத்திலேயே பெயர் இல்லை. இக்கதை முதன்முதல் வெளிவந்தது லண்டனில், பிளீட்வே என்னும் கம்பெனி நடத்திய 'வேலியண்ட்' என்ற சிறுவர் வார இதழில். 1962 அக்டோபர் 6ஆம் நாளிட்ட அதன் முதல் இதழிலேயே இக்கதை தொடங்கியது. எழுதியவர் பெயரையோ வரைந்தவர் பெயரையோ அச்சிடும் வழக்கம் அக்காலத்துப் பிரிட்டிஷ் சிறுவர் இதழ்களில் பெரும்பாலும் இல்லை. வாரந்தோறும் கதை வரும். கம்பெனியின் பெயர் வரும். படைத்தவன் பெயர் வராது.

கூலிக்கு எழுதியவர்

கதையைத் தொடங்கி எழுதியவர் கென்னத் பல்மர். வரைந்தவர் பார்சலோனா நகரத்து ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. பல்மருக்குப் பின் டாம் டல்லி என்பவர் கதையை எழுதிச் சென்றார். இம்மூவரில் பல்மரின் வாழ்க்கையே நம் கேள்விக்கு மிகப் பொருந்துவது.

பல்மர் 1921 ஜனவரியில் லண்டனில் பிறந்தார். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் இராணுவத்தின் செய்தித் தொடர்புப் படையிற் பணியாற்றினார். போர் முடிந்தபின், இளமை முதல் தாம் விரும்பிப் படித்த விஞ்ஞானக் கதைகளைத் தாமே எழுதத் தலைப்பட்டார். நண்பர் ஒருவரோடு சேர்ந்து எழுதிய முதல் நாவல் 1952இல் வெளிவந்தது. அது மலிவுத்தாள் நூல்களின் காலம். கதையை எழுத்தாளனிடம் சொல் கணக்கில் வாங்குவார்கள். ராத்தல் கணக்கில் பாலை நிறுத்துக் கூலி போட்டதற்கும், ஆயிரம் சொல்லுக்கு இவ்வளவு என்று கதையை அளந்து கூலி போட்டதற்கும் வேற்றுமை அதிகம் இல்லை. மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் கூலி இல்லை என்பது தோட்டத்து வழக்கு. எழுதாத நாளிலே எழுத்தாளனுக்கும் கூலி இல்லை.

கூலிக்காக அவர் எழுதியவை கொஞ்சமல்ல. நாவல்கள் மட்டும் 160க்கு மேல். பல நூல்களில் அவர் பெயரே இராது. பதிப்பகத்துக்குச் சொந்தமான பொதுப்பெயர்கள் சில அந்நாளில் இருந்தன. ஒரே பெயரின்கீழ் இருவர் மூவர் எழுதுவர். வாசகரோ எல்லாம் ஒருவர் எழுத்தென்றே நம்புவர். பல்மரும் அத்தகைய பெயர்களில் எழுதியிருக்கிறார். இவற்றினும் வேறாக, அவர் தாமே விரும்பிச் சூட்டிக்கொண்ட புனைபெயர்களும் உண்டு. கடற்படைக் கதைகளுக்கு ஆதம் ஹார்டி என்று ஒரு பெயர். வேற்றுக் கோளொன்றில் வாளேந்தித் திரியும் டிரே பிரெஸ்காட் என்பவனைப் பற்றிய தொடருக்கு ஆலன் பர்ட் ஏக்கர்ஸ் என்று ஒரு பெயர்.

இப்பிரெஸ்காட் தொடரின் முதல் நூல் அமெரிக்காவில் வெளிவந்தது 1972இல். சிவகாசியில் இரும்புக்கை மாயாவி பிறந்ததும் அதே 1972இல். ஓர் ஆண்டிலேயே, ஒரு நாட்டில் தம் பெயரல்லாத பெயரோடும், மற்றொரு நாட்டில் எந்தப் பெயருமில்லாமலும் அவர் எழுத்து உலாவிற்று! பிரெஸ்காட் தொடரில் 37 நூல்கள் ஆங்கிலத்தில் வெளிவந்தன. 1988இல் அமெரிக்கப் பதிப்பாளர் தொடரை நிறுத்திவிட்ட பின்னரும் ஜெர்மன் மொழியில் அஃது தொடர்ந்து வந்தது. ஆங்கிலத்தில் எழுதியவரின் கதையை ஆங்கிலேயர் படிக்க இயலாமல் ஜெர்மானியர் படித்தனர். கூலி எழுத்தாளனுக்கு எங்கே வாசகர் இருக்கிறார் என்பது அவனுக்கே தெரியாது போலும்! பல்மர் 2005 டிசம்பரில் காலமானார்.

இழிந்த எழுத்தா?

"மலிவுத்தாளில் கூலிக்கு எழுதிய கதைக்குப் பெயர் ஒரு கேடா? காவியம் எழுதினாரா? தத்துவம் எழுதினாரா? கை பறக்கிறது, ஆள் மறைகிறான் என்று பிள்ளைகளை மயக்கியதுதானே அவர் செய்தது?" என்று கேட்போர் உண்டு. பகுத்தறிவை வளர்க்க விரும்பும் பெரியோரிற் சிலரும் இவ்வாறு கேட்கின்றனர். அவர்கள் கவலையை நாம் மதிக்கிறோம், முடிவை ஏற்கவில்லை.

மின்சாரம் பாய்ந்தால் மனிதன் மறைவான் என்பது விஞ்ஞானம் அன்று, பொய்தான். ஆனால், பொய்யிலும் இருவகை உண்டு. "முனிவர் வரம் கொடுத்தார், மறைந்தான், கேள்வி கேளாதே" என்று வாயை மூடும் பொய் ஒன்று. "ஆய்வுக்கூடம், கருவி, மின்சாரம், இவற்றால் இது நிகழ்ந்தது என்று வைத்துக்கொள்" என்று காரணத்தைக் காட்டத் துணியும் பொய் மற்றொன்று. இரண்டாவது பொய்யைக் கேட்ட பிள்ளை, "மின்சாரம் அவ்வாறு செய்யுமா?" என்று வினவும். செய்யாது என்று ஆசிரியர் கூறினால், "ஏன் செய்யாது?" என்று மேலும் வினவும். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தின் வாயில்வரை கொண்டுவந்து விடும் பொய்யைப் பள்ளிக்கூடத்தின் பகை என்று கூறலாமா?

இன்னொன்றும் உண்டு. மறைந்து திரியும் ஆற்றல் ஒருவனுக்கு வாய்த்தால் அவன் நல்லவனாயிருப்பானா என்பது அறிஞர்கள் ஆராய்ந்த பழைய கேள்வி. கிரேக்கப் பேரறிஞர் பிளேட்டோ தமது 'குடியரசு' நூலின் இரண்டாம் பகுதியில் இதனை எழுப்புகிறார். கைஜீஸ் என்ற இடையன் நிலநடுக்கத்தால் பிளந்த நிலத்தினுள் இறங்கி ஒரு மோதிரத்தைக் கண்டெடுக்கிறான். அதன் குமிழை உட்புறமாகத் திருப்பினால் அவன் பிறர் கண்ணுக்குத் தெரியான். அதனைக் கொண்டு அவன் அரசியைக் கவர்ந்து, அரசனைக் கொன்று, நாட்டையே கைப்பற்றுகிறான். "பிறர் காணார் என்ற உறுதி இருந்தால் நல்லவனும் தீயவனும் ஒன்றுபோலவே நடப்பர் அல்லவா?" என்பது அங்கே எழும் வாதம். 1897இல் எச். ஜி. வெல்ஸ் எழுதிய 'மறைந்த மனிதன்' கதையிலும் மறையும் ஆற்றல் பெற்ற கிரிபின் கொடியவனாய் மாறி அழிகிறான்.

இரும்புக்கையன் கதையும் இதனையே பேசுகிறது. கிராண்டேல் மறையும் ஆற்றல் பெற்றவுடன் நல்வழியிற் செல்லவில்லை, குற்றத்திலேயே இறங்குகிறான். பின்னரே நேர்வழிக்குத் திரும்பித் தன் ஆற்றலைக் குற்றவாளிகளைப் பிடிக்கப் பயன்படுத்துகிறான். ஏதென்ஸ் நகரத்துச் செல்வ இளைஞர்கள் விவாதித்த கேள்வியை, லயத்து விளக்கொளியிலும் படிக்கத்தக்க ஒரு மலிவு நூல் ஏழைப் பிள்ளையின் கையிலே கொண்டுவந்து கொடுத்தது. யாரும் காணாதபோது நீ எவ்வாறு நடப்பாய்? இதனைவிடப் பெரிய ஒழுக்கக் கேள்வி யாது? அதனைப் பத்து வயதுப் பிள்ளைக்குக் கேட்கத் தெரிந்தவனை இழிந்த எழுத்தாளன் என்று ஒதுக்க நமக்கு மனம் வரவில்லை. பல்மர் எழுதிய யாவும் உயர்ந்தன என்று நாம் வாதிக்கப் புகவில்லை. அவசரத்தில் எழுதியவற்றில் அவசரம் தெரியத்தான் செய்யும். நாம் கூறுவது இவ்வளவே: தாளின் விலையைக் கொண்டு எழுத்தின் தகுதியை அளப்பது, சட்டையின் விலையைக் கொண்டு மனிதனை அளப்பது போன்றதாகும்.

மறைதலும் மறைத்தலும்

இனி நம் முதற்கேள்விக்கு வருவோம். பல்மர் பெயரின்றிப் போனது இருவகையாற் போயிற்று என்று கண்டோம். ஏக்கர்ஸ் என்ற பெயரை அவர் தாமே அணிந்தார். வேலியண்ட் இதழில் அவர் பெயரைப் பிறர் நீக்கினர். இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவது பெரும் பிழை. பெயரை மறைத்துக்கொள்வது ஒருவனுடைய உரிமை. ஒருவன் பெயரை மறைத்துவிடுவது மற்றவன் செய்யும் தீங்கு. முன்னதில் மறைந்தவன் விரும்பியபோது வெளிப்படலாம். பின்னதில் அவன் வெளிப்படுதற்கு வாயிலே இல்லை.

முன்னதற்குத் தமிழிலேயே சான்று உண்டு. ஶ்ரீரங்கம் எஸ். ரங்கராஜன் மின்னணுப் பொறியாளர். பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்திற் பணியாற்றியவர். வாக்குப்பதிவு இயந்திரம் உருவான முயற்சியிற் பங்கு கொண்டவர். குமுதம் இதழில் ரா. கி. ரங்கராஜன் என்று மற்றொருவர் ஏற்கெனவே எழுதிவந்தமையால், குழப்பம் நேராதிருக்கத் தம் மனைவியாரின் பெயரையே புனைபெயராக்கிக்கொண்டார். சுஜாதா என்ற அப்பெயரைத் தமிழர் எவரும் மறவார். 'என் இனிய இயந்திரா' கதையில் ஜீனோ என்ற இயந்திர நாய்க்கு அறிவும் நகைச்சுவையும் கொடுத்து, விஞ்ஞானக் கதையை வாரப் பத்திரிகை வாசகரின் அடுப்பங்கரைவரை கொண்டு சேர்த்தவர் அவர். 2008இல் அவர் மறைந்தபோது, ரங்கராஜன் யார், சுஜாதா யார் என்று எவரும் மயங்கவில்லை. புனைபெயர் அவரை மறைக்கவில்லை. அவருக்கு இன்னொரு முகமாயிற்று.

கூலிக்கு எழுதுவதாலேயே பெயர் போய்விட வேண்டும் என்பதும் இல்லை. கோயம்புத்தூர் ராஜேஷ்குமார் 1500க்கு மேற்பட்ட நாவல்களை எழுதியிருக்கிறார். பேருந்து நிலையக் கடைகளில் தொங்கிய மாத நாவல்களின் அட்டையில் அவர் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது. வாசகர் அப்பெயரைப் பார்த்தே வாங்கினர். மலிவு விலையும் ஆசிரியன் பெயரும் ஒரே அட்டையில் ஒத்து வாழ முடியும் என்பதற்கு இது போதிய சான்று. ஆகவே, பெயரை நீக்கியது வறுமையும் அன்று, தாளின் குறைவும் அன்று. அது முதலாளியின் கணக்கு. பெயர் தெரிந்துவிட்டால் அந்த ஆசிரியனை வாசகர் தேடுவர். தேடினால் அவன் கூலி உயர்த்திக் கேட்பான். வேறு கம்பெனி அவனை அழைக்கும். பெயரில்லாதவனை எந்த நாளிலும் மாற்றிவிடலாம். கதாநாயகன் மாறமாட்டான், எழுதுகிறவன் மாறினால் யாருக்குத் தெரியும்?

இக்கணக்கு எவ்வளவு கொடியது என்பதற்கு அமெரிக்காவிலே பெரிய சான்று இருக்கிறது. ஜெரி சீகலும் ஜோ ஷஸ்டரும் கிளீவ்லண்ட் நகரத்து ஏழை இளைஞர்கள். விஞ்ஞானக் கதைப் பித்துக்கொண்ட சீகல் எழுத, ஷஸ்டர் வரைய, 'சூப்பர்மேன்' பிறந்தான். 1938இல் 130 டாலருக்கு அவனைக் கம்பெனிக்கு எழுதிக்கொடுத்தனர். அப்போது இருவருக்கும் வயது 23. சூப்பர்மேன் கோடி கோடியாய்ப் பணம் ஈட்டினான். அவனைப் பெற்றவர்களோ முதுமையில் வறுமையுற்றனர். நெடுநாள் போராட்டத்தின்பின், பத்திரிகைகளும் சக எழுத்தாளர்களும் குரல் எழுப்பிய பின்னரே, 1975இல் ஆளுக்கு ஆண்டுக்கு 20,000 டாலர் உதவித்தொகையும், இழந்திருந்த பெயரும் அவர்களுக்குக் கிடைத்தன. அந்த 130 டாலருக்குரிய காசோலைத் தாள் 2012இல் ஏலத்துக்கு வந்தது. விலைபோனது 160,000 டாலருக்கு! படைத்தவர்க்குக் கொடுத்த கூலியைக் காட்டிலும் கூலி கொடுத்த காகிதத்துக்கு மதிப்பு மிகுந்தது. இதனை என்னென்பது?

'பேட்மேன்' கதையை உருவாக்கியதிற் பெரும்பங்கு பில் பிங்கருடையது. 1939 முதல் வெளியே தெரிந்த பெயரோ பாப் கேன் என்ற ஓவியருடையது மட்டுமே. பிங்கர் 1974இல் இறந்தார். அவர் பெயரும் சேர்த்து அச்சிடப்படும் என்று கம்பெனி ஒப்பியது 2015இல். நாற்பத்தோராண்டு கழித்து வந்த பெயர் அவர் கல்லறைக்குத்தான் வந்தது.

பிளேட்டோ கூறிய மோதிரத்தை இங்கே நினைவுகூர்க. அங்கே மோதிரத்தை அணிந்தவனே மறைந்தான். மறைந்தவனே ஆதாயம் பெற்றான். இங்கேயோ மறைந்தவன் ஒருவன், ஆதாயம் பெற்றவன் வேறொருவன். இரும்புக்கை மாயாவியை எழுதியவர் தாமே ஒரு மாயாவி ஆனார். கை செய்த வேலை உலகெல்லாம் தெரிந்தது. கைக்குரிய ஆள் தெரியவில்லை.

மறுப்புகளுக்கு விடை

இங்கே சிலர் மறுத்துரைப்பர். "ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார், கூலி வாங்கினார், அத்தோடு யாவும் முடிந்தது" என்பது முதல் மறுப்பு. கூலி எதற்காகக் கொடுக்கப்பட்டது என்று பார்க்க வேண்டும். கதையை அச்சிட்டு விற்கும் உரிமைக்காகக் கொடுக்கப்பட்டது. "இக்கதையை நான் எழுதினேன்" என்பது உரிமை மட்டுமன்று. அஃது ஓர் உண்மை. உண்மையை எவ்வாறு விற்பது? ஒருவன் தன் வீட்டை விற்கலாம். தான் அவ்வீட்டைக் கட்டியவன் என்ற செய்தியை விற்க முடியாது. விற்றாலும் வாங்கியவன் கட்டியவன் ஆகான். மேலும், பசித்தவன் இடும் கையெழுத்தும் பசியாதவன் இடும் கையெழுத்தும் தாளின்மேல் ஒன்றுபோல் தோன்றும். ஒப்பந்தம் எழுதிக் கடல் கடந்தவர் வழிவந்த நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

"நாட்டுப் பாடலுக்கு ஆசிரியர் பெயர் உண்டா? தாலாட்டுக்கு உண்டா? பெயரை நாடாமல் படைப்பதன்றோ பெருமை?" என்பது இரண்டாம் மறுப்பு. நன்று. தாலாட்டை யார் விற்கிறார்? தெம்மாங்கின்மேல் எந்தக் கம்பெனி உரிமை கொண்டாடுகிறது? எல்லாருக்கும் பொதுவான சொத்தில் தனிப்பெயர் இல்லாமை குறையன்று. அங்கே எவரும் கொள்ளவில்லை, எவரும் இழக்கவுமில்லை. ஒருவன் பெயரை நீக்கி, இன்னொருவன் தன் பெயரை அதன்மேல் பொறித்து, அதனால் பொருளும் ஈட்டினால், அதனை நாட்டுப் பாடலோடு ஒப்பிடுவது நாட்டுப் பாடலுக்கே இழிவு.

நம் முன்னோர் வழியையும் காண்க. குறுந்தொகையைத் தொகுத்த காலத்தில் பாடியவர் பெயர் தெரியாத பாடல்கள் பல இருந்தன. பெயர் தெரியவில்லை என்று கைவிட மனமின்றி, பாட்டில் அமைந்த அரிய சொற்றொடரையே புலவருக்குப் பெயராக்கி வழங்கினர் நம் முன்னோர். செம்புலப் பெயனீரார் என்ற பெயர் அவ்வாறு வந்ததே. அரசனும் அல்லாத, கொடையும் வேண்டாத, எந்நாளோ இறந்துபோன ஒருவருக்கு ஒரு பெயரை உண்டாக்கியேனும் கொடுக்க வேண்டும் என்ற அவ்வுள்ளத்தை எண்ணிப் பாருங்கள். தெரியாத பெயரைப் படைத்துக் கொடுத்தவர் தமிழர். தெரிந்த பெயரை அழிப்பது தமிழ்ப் பண்பாகாது.

"பெயர் தெரிந்து படிப்பவனுக்கு ஆவதென்ன? கதை நன்றாயிருந்தால் போதாதா?" என்பது மூன்றாம் மறுப்பு. பெயர் என்பது புகழ் மட்டுமன்று, பொறுப்பும் ஆகும். பாராட்டும் கண்டனமும் சென்று சேருவதற்கு ஒரு முகவரி வேண்டும். இன்னார் கூறினார் என்று தெரிந்த கூற்றையே நாம் நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்க முடியும். கூறியவன் யாரென்று தெரியாத கூற்று, கேள்வி கேட்பாரின்றி ஊரெல்லாம் திரியும். ஆகவே, ஆசிரியன் பெயரை அறிவது வாசகனுடைய பகுத்தறிவுக்கும் தேவையாகின்றது.

நம் கடன்

காலம் முற்றிலும் மாறாமல் இல்லை. 1977இல் பிரிட்டனில் தொடங்கிய '2000 ஏ.டி.' என்னும் சித்திரக்கதை இதழ் எழுதியவர், வரைந்தவர் பெயர்களை அச்சிடும் வழக்கத்தை மேற்கொண்டது; பிறவும் அதனைப் பின்பற்றலாயின. இரும்புக்கையன் கதையும் 2021இல் பிரிட்டனில் புதிய நூலாக மறுபதிப்பு வந்தபோது பல்மர், டல்லி, பிளாஸ்கோ ஆகிய பெயர்களோடேயே வந்தது. மூவருள் எவர் வேண்டி வந்ததும் அன்று. கேட்டுக் கேட்டு ஓயாத வாசகர்கள் காலமெல்லாம் தேடி வைத்த பெயர்கள் அவை. எந்த இதழில் எந்தக் கதையை யார் எழுதினார் என்று பழைய தாள்களைப் புரட்டிப் புரட்டிக் குறித்து வைத்தவர்கள் வாசகர்களே. கம்பெனி மறைத்ததை வாசகன் வெளிக்கொணர்ந்தான் என்பதில் நமக்குப் பெரிய பாடம் இருக்கிறது.

அப்பாடத்தைக் காஹாங்கிலும் குளுவாங்கிலும் பிற இடங்களிலும் வாழும் நாம் எவ்வாறு கைக்கொள்வது? பெரிய காரியம் எதுவும் வேண்டுவதில்லை. பிள்ளைக்குக் கதை சொல்லும்போது, அதை எழுதியவர் பெயரையும் சேர்த்துச் சொல்வோம். தோட்டப் பள்ளியின் நூலகத்தில் புத்தகங்களைக் குறிக்கும் ஏட்டில் ஆசிரியர் பெயரோடு மொழிபெயர்த்தவர் பெயரையும், படம் வரைந்தவர் பெயரையும் குறிப்போம். சங்க மலரில் ஒருவர் கட்டுரையை எடுத்து வெளியிட்டால் 'ஒரு நூலிலிருந்து' என்று எழுதித் தப்பிக்காமல் இன்னார் நூலிலிருந்து என்று எழுதுவோம். நமக்கு அனுப்பப்படும் கவிதையை எழுதியவர் பெயரை வெட்டிவிட்டுப் பிறருக்கு அனுப்புவது இக்காலத்தில் மலிந்துவிட்ட தீய பழக்கம்; அதனை நம் அளவிலேனும் நிறுத்துவோம். 130 டாலர் கொடுத்த கம்பெனியாவது கூலி கொடுத்தது. பெயரை வெட்டி அனுப்புகிற நாம் அதுவும் கொடுப்பதில்லை.

இவை யாவும் சிறியன என்று எண்ண வேண்டா. ஒரு நூலை யார் எழுதினார் என்று கேட்கப் பழகிய பிள்ளை, இச்சாலையை யார் போட்டார், இக்காட்டை யார் அழித்தார், இம்மரத்தை யார் நட்டார் என்றும் ஒருநாள் கேட்கும். அக்கேள்விக்கு விடை சொல்ல நம்மிடம் பெயர்ப்பட்டியல் இல்லாதிருக்கலாம். ஆயினும், விடை இருந்திருக்க வேண்டிய கேள்வி அது என்றாவது அப்பிள்ளைக்குத் தெரிந்திருக்கும்.

உழைப்பவனுக்குக் கூலி அவன் இன்று உண்பதற்கு. பெயர் அவன் மனிதனாக எண்ணப்படுவதற்கு. முன்னதைக் கொடுத்துவிட்டோம் என்று காட்டிப் பின்னதைப் பறிப்பது நீதியாகாது. மாயாவியின் கதையைப் படித்து மகிழ்ந்த தமிழர் யாவரும் கென்னத் பல்மருக்குக் கடன்பட்டவரே. அவருக்குரிய கூலியைக் கொடுக்க நம்மால் இயலாது. பெயரைக் கொடுக்க இயலும். கொடுப்போமாக.